உடைந்த தொட்டியின் ரோஜா

மாமியார் முகநூலில் என்னைப் பற்றி என்ன எழுதுகிறார் என்று வேவு பார்க்கவே, ரோஜாப் படம் போட்டு ஒரு பொய்க் கணக்கு தொடங்கினேன். சீக்கிரமே அதில் நானும் அவரும் நெருங்கிய தோழிகளாகிவிட்டோம்.

"என் மருமகளுக்கு வாய் நீளம், ஆனா மனசு தங்கம்" என்று நேற்று அந்த ரோஜாத் தோழிக்கு எழுதியிருந்தார். நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னால் இந்தத் தோழியை இழந்துவிடுவேனே என்று பயந்தேன். ஆனாலும் மனம் உறுத்தியது.

"அத்தை, ஒரு விஷயம்..." என்று சமையலறையில் இழுத்தேன்.

"ரோஜா படம்தானே? அது நம்ம பால்கனித் தொட்டி. ஓரத்தை உடைச்சவளே நான்தான், எனக்குத் தெரியாதா?"

"அப்போ அந்தத் தங்கம்...?"

"அதை அவகிட்டதான் சொன்னேன், உன்கிட்ட இல்ல. சாயங்காலம் அவளை வரச் சொல்லு, நிறையப் பேசணும்."