கோடு போட்ட ஒன்பது நாள்

காலையிலிருந்து நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன், மறுபடி கணினி முன்னால் வருகிறேன். பதினொரு மணிக்கு மீன்வள அலுவலகத்தில் கூட்டம். என் அறிக்கையை நம்பி, ஏரியில் இரண்டு வருடம் மீன்பிடிக்கத் தடை போடப் போகிறார்கள்.

நான் புள்ளியியல் ஆலோசகர். காட்டிலும் நீரிலும் மற்றவர்கள் எண்ணிக் கொண்டுவருவதை அலசி, கூடுகிறதா குறைகிறதா என்று சொல்வது என் பிழைப்பு. அந்த ஏரியில்தான் அக்கா வீட்டுக்காரர் வலை போடுகிறார். போன வாரம் அக்கா வந்து, "நல்லா பாத்தியாடி?" என்று மட்டும்தான் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரருக்காக எண்களையெல்லாம் மாத்த முடியாது" என்று எரிந்து விழுந்தேன். முகம் சுண்டிப்போய்க் கிளம்பிவிட்டாள்.

அந்தக் கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு, மீன் கணக்கெடுக்கும் படகுக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, போன வருஷம் ஒன்பது நாள் ஒரு மீன்கூடவா சிக்கல?"

"யாரு சொன்னா? அன்னிக்கெல்லாம் பேய்க்காத்தும்மா. படகே எடுக்கல. அதான் கோடு போட்டு வச்சேன்."

அவர் போட்ட கோடுகளையெல்லாம் கணினியில் ஏற்றும்போது சைபர் ஆக்கியது நான். தேடியும் கிடைக்காதது வேறு, தேடவே போகாதது வேறு. இதே தப்புக்காக அடுத்தவர் அறிக்கைகளைக் கிழிகிழியென்று கிழித்தவள் நான். ஒன்பது நாளையும் நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். மீன் குறைந்ததற்கு அடையாளமே இல்லை.

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன்.

கூட்டத்தில் தப்பை ஒப்புக்கொண்டேன். அதிகாரி தாளைப் புரட்டினார்.

"உங்க அக்கா வீட்டுக்காரர் அங்கதானே தொழில் பண்றார்?" இந்த வேலையை ஏற்ற அன்றே நான் எழுதிக்கொடுத்த விவரம்தான்.

"ஆமா சார். ஆனா படகுக்காரர்கிட்ட இப்பவே கேளுங்க, போன் போட்டுத் தரேன்."

"இதை நீங்க முன்னாடியே கேட்டிருக்கணும். இனிமே வேற ஒருத்தர் பாக்கட்டும். ஆறு மாசமாவது ஆகும். அதுவரைக்கும் தடை போட்டு வைப்போம்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் காட்டுவது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வாசலில் நின்றபடியே அக்காவைக் கூப்பிட்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அவர்கிட்ட இதை நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "நீயே வந்து சொல்லு."