றோஸ் ஜேர்சி

அந்த வருடம் பெடியளின் ஜேர்சிகளை எல்லாம் தோய்த்தது நான்தான். ஸ்ரீதரனின் ஜேர்சியை மட்டும் தொடமாட்டேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

காரணம் இருந்தது. 1986இல் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் அகதி விடுதியில் வந்து சேர்ந்தவர்கள், ஊரில் தாங்கள் படித்த கடற்கரையோரச் சின்னக் கல்லூரியின் பெயரிலேயே ஒரு உதைபந்தாட்ட அணி தொடங்கினார்கள். தேவாலயக்காரர் நடத்திய ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் இடமும் கிடைத்தது. ஆனால் பதினோராவது ஆளுக்கு வேறு வழியில்லாமல் ஸ்ரீதரனைப் பிடித்தார்கள். அவன் பட்டணத்துப் பெரிய கல்லூரி. பள்ளிக்கூட நாளில் என் மனுசன் ஞானசுந்தரத்தின் முன்பல்லை உடைத்தவனும் அவனே. இங்கே வந்தாவது திருந்தினானா? சீசன் முழுக்க ஞானத்துக்கு ஒரு பந்து கொடுக்கவில்லை. இவர் கோலடியில் தனியே நின்று, "ஆளை அங்கால இழுத்து என்னை வெட்டவிடடா" என்று தொண்டை கிழியக் கத்துவார். அவன் தானே அடித்து வெளியே அனுப்புவான். அப்படிப்பட்டவனின் உடுப்பை நான் ஏன் தோய்க்க வேண்டும்?

அவனே தோய்த்தான். சப்பாத்துக்குள் போடும் சிவப்பு மேசோடு சேர்த்து ஊறப்போட்டு, வெள்ளை ஜேர்சி றோஸ் ஆகிவிட்டது. மைதானமே சிரித்தது. அவனுக்கு வெட்கமே இல்லை, அதையே போட்டுக்கொண்டு வந்தான்.

கடைசி மாட்ச் அடுத்த மாவட்டத்தில். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. அகதி அந்திராக், அதுதான் தஞ்சம் கேட்டுப் போட்ட விண்ணப்பம், முடிவாகாத நாங்கள் அனுமதிக் கடிதம் இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. மற்ற எல்லாருக்கும், உடுப்புத் தோய்க்கிற எனக்கும்கூட, கடிதம் கிடைத்தது. ஞானத்துக்கு மறுத்துவிட்டார்கள். அக்காவைப் பார்க்க டோர்ட்முண்டுக்குப் போய் ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டவர். இன்னொருமுறை பிடிபட்டால் மறியலில் அடைப்பார்கள், கேசும் போகும் என்று அதிகாரி முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். கேஸ் போனால் கொழும்புக்கு விமானம். அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெடியன் அங்கே போய் இறங்கினால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"போகாதேங்கோ," என்றேன். "உங்களை உள்ளுக்குப் போட்டா நான் ஆரோட இருக்கிறது?"

அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, தோற்காமல் வந்தாலே நாங்கள்தான் முதலிடம் என்றார். விளையாடிவிட்டு ஓடி வந்துவிடலாமாம். மண்டைக்கனம், வேறென்ன? விடுதியில் இருந்து நிமிடத்துக்கு நிமிடம் சாக என்னால் ஏலாது. அணியை ஏற்றிப்போகிற யோசேப்பு அண்ணையின் வான் வண்டியில் நானும் ஏறினேன். வென்றாலும் தோற்றாலும் சத்தம் போடாமல் நேரே வானுக்கு வரவேண்டும் என்று வழியில் எல்லாரிடமும் சத்தியம் வாங்கினேன். நன்றாகத் தலையாட்டினார்கள்.

நான் பந்தைப் பார்க்கவில்லை, றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு பொலிஸ் கார் மெதுவாக வந்து, மைதானத்தைப் பார்த்துவிட்டுப் போனது. நான் உடுப்பு வாளியைத் தூக்கி வானுக்குள் வைத்தேன். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடியப்போகிற நேரம் பந்து ஸ்ரீதரனிடம். இடப்பக்கம் ஞானம் கையைத் தூக்கிக்கொண்டு தனியே நிற்கிறார். கொடுத்தானா? தானே அடித்தான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி ஞானத்தின் காலடிக்கு வந்தது. கோல்! சந்தோசப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. இனி வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் நினைத்தேன்.

சத்தியமாவது மண்ணாவது! ஊரில் கல்லூரி வென்றால் வாகனத்தில் கொடி கட்டி, மேளம் அடித்து, ஊரைச் சுற்றுவார்கள். இவர்களுக்குத் தெரிந்த வெற்றி அதுதான். யாரோ பையிலிருந்து கொடியை எடுத்தான். என் உடுப்பு வாளி மேளமானது. யோசேப்பு அண்ணையும் அதே கல்லூரிதானே, என் கத்தல் அவர் காதில் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு ஆணி அடித்தாலே பக்கத்து வீட்டுக்காரன் பொலிசுக்கு போன் அடிக்கிற நாட்டில், தேவாலயச் சதுக்கத்தை வாளி அடித்துக்கொண்டு சுற்றினார்கள். இரண்டாம் சுற்றில் பொலிஸ் கார் குறுக்கே நின்றது.

ஒரே ஒரு பொலிஸ்காரர். முன்கதவால் தலையை நீட்டி, ஒவ்வொருவராகக் கடிதம் கேட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஞானத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். இனி எங்கள் வரிசைதான்.

பின்கதவோரம் இருந்த ஸ்ரீதரன் ஞானத்தைப் பார்த்தான்.

"நான் ஆளை இழுக்கிறன். நீ மற்றப் பக்கத்தால வெட்டி ஓடு."

கதவைத் தள்ளிக் குதித்து ஓடினான். பொலிஸ்காரர் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார். சதுக்கத்தில் நின்ற சனம் முழுவதும் அந்த றோஸ் ஜேர்சியைத்தான் பார்த்தது. என் மனுசன் இறங்கி, சந்துக்குள் புகுந்து, காட்டுப் பக்கம் போனதை ஒருவரும் காணவில்லை. காட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் மாவட்டம்.

கொஞ்ச நேரத்தில் பொலிஸ்காரர் ஸ்ரீதரனைப் பிடித்துக்கொண்டு வந்தார். இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவன் பொக்கற்றிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினான். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. பிறகு ஏன் ஓடினாய் என்று கேட்டார். அவனுக்குத் தெரிந்த ஜெர்மன் கொஞ்சம்தான். "ட்ரெய்னிங்" என்றான்.

வானில் எத்தனை பேர் இருந்தோம் என்று அவர் முதலில் எண்ணியிருக்கவில்லை, கடவுள் காப்பாற்றினார். சத்தத்துக்காக நன்றாக ஏசிவிட்டு விட்டுவிட்டார்.

விடுதி வாசலில் காத்திருந்தேன். வழியில் பிடித்திருப்பார்களோ என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீதரனும் அறைக்குப் போகவில்லை. வேலியோரம் தள்ளி நின்றான். பொழுது படுகிற நேரம் ஞானம் வந்தார், சப்பாத்து முழுக்கச் சேறும் இலையுமாக. முதலில் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பிறகு அழுதேன்.

அவர் என் தலைக்கு மேலால் ஸ்ரீதரனைப் பார்த்தார்.

"சீசன் முழுக்க இதைத்தானேடா கேட்டனான்."

"நீ ஒரு நாளாவது சரியான இடத்தில நிண்டனியே?" என்றான் அவன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஞானத்தின் பல்லில்லாத இடம் தெரிந்தது.

"சிரிச்சது காணும், நிப்பாட்டுங்கோ," என்று, நசுங்கிப்போன வாளியைக் கொண்டுபோய் ஸ்ரீதரனின் முன்னால் வைத்தேன். "அந்த ஜேர்சியைக் கழட்டி இதுக்குள்ள போடும், தம்பி."