யாரோ வீட்டுக் கல்யாணப் படங்கள்

மறுநாள் காலை எட்டு மணிக்கு தாட்சாயினி பிள்ளைகளுக்கு ஆன்லைனில் டியூஷன் எடுக்க வேண்டும். லேப்டாப்பின் டிஸ்க்கோ முந்தாநாளே மண்டையைப் போட்டுவிட்டது. கொம்தார் பக்கம் ஒரு கடையில் பழைய டிஸ்க் ஒன்றை வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு வந்தாள். புது இயங்குதளமாக லினக்ஸை ஏற்றுவதற்குத் தம்பி ஸ்ரீகரன் ஒரு பென்டிரைவ் தயார்செய்து கொடுத்திருந்தான். ஏற்றுமுன் டிஸ்க்கில் என்ன இருக்கிறதென்று பார்க்கவும் அது வழிவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். எட்டிப் பார்த்துத் தொலைத்தாள்.

‘ஃபாத்தின் கல்யாணம்’ என்று ஒரு ஃபோல்டர். உள்ளே ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் படங்கள்.

செபராங் ஜெயாவில் வேலையில் இருந்த தம்பிக்குப் போன் போட்டாள்.

“யாரோ ஒரு பொண்ணோட கல்யாணமே இதுக்குள்ள கிடக்குது, தம்பி!”

“நமக்கு எதுக்குக்கா அது? எரேஸ் டிஸ்க்னு ஒண்ணு வரும். அதைத் தெக்கான் பண்ணி ஒரு அமுக்கு அமுக்கிட்டு தண்ணி குடிங்க லா.”

“வாயைக் கழுவுடா!”

கோபம் வராமல் என்ன செய்யும்? போன வருடம் ஒரு ரிப்பேர்காரன் இப்படித்தான் ஒரே அமுக்கு அமுக்கினான். அவள் மகன் பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் அத்தனையும் போயின. “சோரி அக்கா” என்றான் மகராசன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதே பாவத்தை இன்னொருத்திக்கு அவள் செய்வாளா?

படங்களுக்கு நடுவே கல்யாண அழைப்பிதழும் இருந்தது. விவரத்துக்கு ஹனீபா, பெண்ணின் தகப்பனார் என்று ஒரு நம்பர். அழைத்தாள், எடுக்கவில்லை. உங்கள் கல்யாணப் படங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன என்று செய்தி அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினாள்.

இறங்கியபின்தான் தலை சுற்றியது. முழு டிஸ்க்கையும் அழிக்கவா, இருப்பதன் பக்கத்திலேயே ஏற்றவா என்று திரை கேட்டது. பக்கத்தில் என்றாள். உடனே ஒரு நீளப் பட்டையைக் காட்டி, நடுக்கோட்டை நகர்த்தச் சொன்னது. எந்தப் பக்கம் ஃபாத்தின், எந்தப் பக்கம் லினக்ஸ்? இடப்பக்கம் இழுத்தாள், பயந்துபோய் வலப்பக்கம் இழுத்தாள். “இதன்பின் மாற்ற முடியாது” என்று ஒரு மிரட்டல் வேறு. தம்பியைக் கேட்டால் மீட்டிங்கில் இருக்கிறானாம். கண்ணை மூடிக்கொண்டு ‘தொடர்க’வை அமுக்கினாள்.

முக்கால் மணி நேரம் கழித்துப் புது லினக்ஸ் எழுந்தது. ஆனால் ஃபோல்டரைக் காணோம். ஐயோ, துடைத்துவிட்டேனே என்று அழுகையே வந்துவிட்டது. அப்புறம் ஓரத்தில் வெறும் எண்களைப் பெயராக வைத்துக்கொண்டு பழைய பகுதி நிற்பது கண்ணில் பட்டது. திறந்தாள். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சமும் அப்படியே இருந்தன. அப்பாடா என்று நாற்காலியில் சாயும்போது போன் அடித்தது.

“நான் ஃபாத்தின் பேசுறேன். இது அத்தா நம்பர். அத்தா மவுத்தாகி எட்டு மாசமாச்சு, அக்கா.”

“ஐயோ, அப்பா தவறிட்டாரா? மன்னிச்சிடும்மா. உங்க படமெல்லாம் ஒண்ணுகூடப் போகல. வந்து வாங்கிக்கிறீங்களா?”

“அந்த டிஸ்க்கை வித்ததே நான்தான். கல்யாணம் ஒரு வருஷம்கூட நிக்கல. அவன் மூஞ்சியைப் பார்க்கவே கூடாதுன்னுதான் வித்தேன். அழிச்சிடுங்க.”

தாட்சாயினிக்கு ஒன்றும் புரியவில்லை. நாள் முழுக்க உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது இதற்குத்தானா? சரி, அவள் கல்யாணம், அவள் இஷ்டம். ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து, அழி என்றாள். நிச்சயமாகவா என்று கேட்டது.

“அக்கா, ஒரு நிமிஷம்.” குரல் மாறியிருந்தது. “அத்தா இருக்காங்களா அதுல? விக்கும்போது அத்தா நல்லா இருந்தாங்க. வீட்டுல இருக்கிறவங்களைப் படத்துல யாருக்கா தேடுவா?”

கேள்வியை அப்படியே விட்டு, ஃபோல்டரை இன்னொரு பக்கம் திறந்து, ஃபாத்தின் அடையாளம் சொல்லச் சொல்லத் தாட்சாயினி தேடினாள். பந்தலில் முதுகு, கூட்டத்தில் பாதித் தலை. கடைசியில் முகம் முழுசாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றில்தான். நிக்காஹ் நேரம். தந்தை மாப்பிள்ளையின் கையை இறுகப் பற்றியிருந்தார்.

“இருக்காரும்மா. ஆனா...” எப்படிச் சொல்வதென்று அவள் விழித்தாள். “மாப்பிள்ளை கையைப் பிடிச்சிட்டு இருக்கார்.”

தாட்சாயினியே ஒரு வழியும் சொன்னாள்.

“வேணும்னா அந்தாளை வெட்டிட்டு அத்தாவை மட்டும் அனுப்பவா?”

“சிரிக்கிறாங்களா?”

“வாய் நிறைய.”

“அப்ப வெட்டாதீங்கக்கா,” என்றாள் ஃபாத்தின். “அப்படியே அனுப்புங்க.”

திரை இன்னும் நிச்சயமாகவா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது. தாட்சாயினி வேண்டாம் என்பதை அமுக்கினாள்.