உண்ணிச்செடிக்கு அடியில் எடுத்த மண்

கிறிஸ்துமஸுக்குத் திருநெல்வேலி போய்த் திரும்பிய யூனிஸ், பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மொட்டை மாடிக்கு ஓடினாள். ஓடியவள் அப்படியே நின்றாள்.

முளைத்துவிட்டது!

மேற்குத் தாம்பரத்தில் அவள் குடியிருந்த வீட்டின் அந்த மாடியில், எந்த மண்ணில் என்ன விதை மிச்சமிருக்கிறது என்று பார்க்க அவள் வைத்த இரண்டு மண் தட்டுகள். இரண்டிலும் பெருங்களத்தூர்க் குன்றின் மண். மேட்டில், பழைய புதர்களுக்கிடையே எடுத்த மண்ணில் தண்ணீர் தெளித்த வேகத்தில் குப்பைமேனி, கீழாநெல்லி, துத்தி என்று முண்டியடித்துக்கொண்டு வந்தன. நடுவில் ஒரு களாக் கன்றுகூட. வேறெதையும் வளரவிடாத உண்ணிச்செடி மூடிய சரிவின் மண்ணிலோ, அவள் ஊருக்குக் கிளம்பும்வரை இரண்டு உண்ணிக் கன்றுகள். அவ்வளவுதான்.

எண்பத்தொன்றில், அவள் குடும்பம் பெருங்களத்தூரில் இருந்தபோது, அந்தச் சரிவு முழுக்கக் களா. பள்ளி விட்டதும் பாவாடையில் மடி கட்டிப் பறிப்பாள். உதடெல்லாம் கறுப்பு, பல்லெல்லாம் பிசின், வீட்டில் அம்மாவின் கரண்டி! இப்போது உண்ணிப் புதருக்குள் கால் வைக்க முடியாது. மண்ணுக்குள் பழைய விதை மிச்சமிருந்தால் உண்ணியை வெட்டினாலே காடு எழும். இல்லையென்றால் தைல மரம் நடப்போவதாக வனத்துறையில் சொல்லிவிட்டார்கள்.

இன்று அந்த உண்ணி மண் தட்டில் பச்சைப் பசேல்!

குனிந்தாள். பார்த்த இலை. சமையலறைப் பரிச்சயம். பச்சைப்பயறு. பக்கத்தில் உளுந்து, கடுகு.

"மாமி!"

வீட்டுக்காரி சுப்புலட்சுமி மாமி சிரித்துக்கொண்டே படியேறினாள். "எப்படி முளைச்சிருக்கு, பார்த்தியா!"

"நீங்களா போட்டீங்க?"

"பின்னே? தை பொறந்தா என் பொண்ணு காந்தாவுக்குக் கல்யாணம். பாலிகைன்னு தானியம் தெளிச்சு முளைக்க வைக்கிற ஆத்துல முளைக்காத தட்டு கெடக்கலாமா? உனக்கும் நல்லதில்லேடி. ஒரு பிடி போட்டேன்."

"மாமி, அது ஆராய்ச்சி..."

"இருக்கட்டுமே! முளைச்சா சந்தோஷம்தானே?"

யூனிஸ் பயற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அடியில் களா ஒளிந்திருக்குமோ என்று விரலால் துழாவினாள். இல்லை. அதே இரண்டு உண்ணி. கண் கலங்கிவிட்டது.

"ஏண்டி அழறே? மண்ணுல என்ன கோளாறு? போட்டா வரதே!"

யூனிஸின் விரல்கள் நின்றன. போட்டால் வருகிறது. போட ஆள் இல்லாததுதான் குறை.

"மாமி, ஊறுகாய்க்குக் களாக்காய் யார்கிட்ட வாங்குவீங்க?"

"கூடைக்காரி கங்கம்மா. மேட்டுலேர்ந்து பறிச்சிண்டு வருவா. ஏன்?"

"வர்ற ஆனியில பழுத்ததா வேணும். கூடை கூடையா. அதுவரைக்கும் தைலக் கன்னு வராம நான் சண்டை போட்டுக்கறேன்."

"பழுத்தது ஊறுகாய்க்கு ஆகாதுடி, அசடு!"

"ஊறுகாய்க்கு இல்ல மாமி." யூனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தச் சரிவுல உங்களை மாதிரியே ஒரு பிடி விதை போடத்தான்."