டயருக்குப் பூசிய பாலிஷ்

தங்கை நீலாவதியின் கல்யாணத்துக்குத் தேயிலை எஸ்டேட் துரை தன் காரையே கொடுத்ததில் சாம்பசிவத்துக்குத் தலைகால் புரியவில்லை. எஸ்டேட் பட்டறையில் வேலை பார்ப்பவன் அவன். காரைப் பளபளப்பாக்குவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டுத் தானா ராத்தா டவுனுக்குப் பஸ் ஏறினான்.

கடையில் இரண்டு வித டயர் பாலிஷ் இருந்தது. ஒன்று பால்போல வெள்ளை. காய்ந்தால் புது டயரின் கறுப்பு மட்டும் திரும்பும். மற்றது எண்ணெய்ப் பசை, கண்ணாடியாய் மின்னும். அவன் எண்ணெய்ப் பசையை எடுத்தான்.

"சைடுல மட்டும் போடு," என்றார் சீனக் கடைக்காரர். "ரோட்டுல படற எடத்துல வேணாம். லிச்சின் லா, வழுக்கும்."

கல்யாணத்தன்று காலை டயர்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, துணியில் பாலிஷைத் தொட்டுத் தேய்த்தான். பக்கங்கள் மின்னின. முன்னாலிருந்து பார்த்தால் மட்டும் தரையில் படும் பகுதி வெளுத்துத் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்களே! காரை முன்னும் பின்னும் தள்ளி அங்கேயும் தேய்த்தான்.

துரையின் டிரைவர் தங்கையா பெண்ணை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்குக் கீழே முதல் வளைவில் பிரேக் போட்டதும் கார் பக்கவாட்டில் சறுக்கிப் போய்க் கால்வாயில் இறங்கியது. நீலாவதிக்கு ஒன்றும் ஆகவில்லை. தங்கையாவின் நெற்றி பிளந்தது.

"மறுபடியும் ஊத்திக்கிட்டான் போல," என்றது கூட்டம். தங்கையா குடியை விட்டுப் பல வருஷமாகியிருந்தது. சாம்பசிவம் வாய் திறக்கவில்லை. தாலி கட்டி முடியட்டும் என்று நினைத்தான். விருந்து முடியட்டும் என்று நினைத்தான். அதற்குள் துரை சாவியைப் பிடுங்கிக்கொண்டு தங்கையாவைப் புல்வெட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு மாலை சாம்பசிவம் தங்கையாவின் வீட்டுக்குப் போனான். அவர் மனைவி மணியம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லு தம்பி. காலையிலேர்ந்து கூடவே இருந்தியே, இவரு குடிச்சாரா?"

"விடு புள்ள," என்றார் தங்கையா. "குடிக்கல. ஆனா வயசாயிருச்சி, கை தடுமாறிருச்சி. ஒன் தங்கச்சியக் கொல்லப் பாத்தேன்டா. மன்னிச்சிரு."

அந்தக் கடைசி வார்த்தையை அவனால் தாங்க முடியவில்லை. "ஒங்க கை இல்லண்ணே. டயர் பூரா நான் பாலிஷ் பூசுனேன். வழுக்கும்னு கடைக்காரரு சொல்லியும் பூசுனேன்."

தங்கையா எழுந்து அவனெதிரே வந்தார். "என் கையையே நான் சந்தேகப்பட்டேனேடா. பாத்துக்கிட்டு இருந்தியா?"

"பயந்துட்டேண்ணே."

"வா பங்களாவுக்கு," என்று மணியம்மா செருப்பை மாட்டினாள்.

துரையிடம் எல்லாவற்றையும் சொன்னான். தங்கையாவுக்குச் சாவி திரும்பக் கிடைத்தது. சாம்பசிவத்தைப் பட்டறையிலிருந்து எடுத்துக் கொழுந்து மூட்டை தூக்கப் போட்டார்கள். அது அவனுக்கு வலிக்கவில்லை. தங்கையா அவனோடு பேசுவதை நிறுத்தியதுதான் வலித்தது.

லயத்தில் பழைய பேச்சும் அடங்கவில்லை. கடைப் பக்கம் யாராவது, "அன்னைக்கு நல்ல போதை," என்று சிரித்தால் சாம்பசிவம் குறுக்கே புகுந்து, "அவரு குடிக்கல, நான்தான் டயர்ல பூசுனேன்," என்பான்.

"கூட்டாளிய விட்டுக் குடுக்க மாட்டான் லா," என்று அதற்கும் சிரிப்பார்கள்.