பத்து என்றால் பத்தேகால்

அந்தப் பல்கலைக்கழகத்தில் பத்து மணி வகுப்பு என்றால் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். எப்போதிருந்து இப்படி என்று யாரும் கேட்பதில்லை. பத்துக்குச் சரியாகப் போய் உட்கார்ந்திருப்பவன் முதலாண்டுக்காரன், இல்லாவிட்டால் குழாய் பழுதுபார்க்க வந்தவன்.

யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அந்தக் கால்மணியில்தான் ஆராய்ச்சி மாணவி மாய்கெனும் அவளோடு படிக்கும் எஸ்கிலும் மூன்று வருடமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று துறையில் கேலி செய்வார்கள். குடித்தனமெல்லாம் இல்லை. ஆற்றங்கரை பெஞ்சு, ஒரு பிளாஸ்க் காபி, இரண்டாகப் பிய்த்த ஏலக்காய் பன், அவ்வளவுதான். இருவருக்கும் ஆராய்ச்சி பாறையில் படரும் கல்பாசியில். வருடத்துக்கு நகக்கண் அளவுகூட வளராத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அவசரம் எங்கிருந்து வரும்?

இலையுதிர்காலத்தில் எஸ்கிலின் அப்பா தன் மர ஆலையில் கையை முறித்துக்கொண்டார். ஆலையைப் பார்த்துக்கொள்ள வடக்கே ஊருக்குப் போனவன் போனவன்தான். "இங்க ஏழுன்னா ஏழு, சங்கு ஊதிடும்" என்று ஒருமுறை எழுதினான். பிப்ரவரியில் இன்னொரு செய்தி: "வியாழன் பத்து மணி, நம்ம பெஞ்சு. ஆய்வகச் சாவியத் தரணும். பதினொண்ணுக்கு ரயில்."

சாவியைத் தருகிறவன் திரும்பி வரமாட்டான்.  மாய்கெனுக்கு அவன் வேண்டும். அதை ஒரு நாளும் சொன்னதில்லை. இப்போது அவன் சங்குக்கு ஓடுகிறவன், பத்து என்றால் பத்துதான் என்று ஐந்து நிமிடம் முன்னாலேயே போய், பெஞ்சின் பனியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

தேவாலய மணி பத்து அடித்தது. அவன் வரவில்லை. ஆற்றின் உறையாத நடுப்பகுதியிலிருந்து ஆவி எழுந்து பாலத்தை மறைத்தது. சைக்கிள்கள் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் கரைந்தன. கண்ணை மூடினால் பக்கத்தில் அவன் இருந்தான், விரலில் பன்னின் சர்க்கரையோடு. எது நினைவு, எது கனவு என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு மனமில்லை. கண்ணைத் திறந்தபோது மணி பத்து பத்து. சாவியைத் துறையில் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். அழுகை வந்தது, அழுதாள்.

ஆவிக்குள்ளிருந்து ஒரு கம்பளித் தொப்பி வந்தது. அதற்குக் கீழே எஸ்கில், கையில் காகிதப் பையோடு.

"ஏய், நீ எப்போ வந்த?"

"பத்துக்கு."

"பைத்தியமா உனக்கு? பத்துன்னுதானே எழுதினேன்."

"நீதான் இப்ப ஆலைக்காரனாச்சேடா. சங்கு ஊதினா ஓடுற ஆளு."

"ஆமா. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன். எல்லாத்தையும் விட்டாச்சு." சாவியை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. கைக்கடிகாரத்தை அவன் மூக்குக்கு நேரே காட்டினாள். பத்தேகால்.

"இவ்ளோ நேரம் எங்க இருந்த?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம். பன் வாங்கிட்டுச் சும்மா நின்னேன்."

"எதுக்கு?"

"இன்னும் மணி ஆகலையே."

சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது. காது மடல் சிவந்தது. கொஞ்ச நேரம் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பா கை மே மாசம் சரியாயிடும்" என்றான், யாரும் கேட்காமலே.

சாவியைத் தன் கோட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பன்னை இரண்டாகப் பிய்த்தான்.