செகண்ட் ஷிஃப்ட் சாப்பாடு

விஜயகுமாரிக்குக் கல்யாணமான நாளிலிருந்தே வயிறும் ஷிஃப்டில்தான் ஓடியது. சுரங்கத்தில் கன்வேயர் ஓட்டும் கணவர் கருணாகரன் வேலை முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்து, குளித்து, தட்டின் முன் உட்கார்ந்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் மத்தியானச் சோறு மூன்று மணிக்கு. செகண்ட் ஷிஃப்ட் என்றால் ராத்திரிச் சோறு பதினொன்றுக்கு. அந்த பிளாக்கில் பாதிப் பெண்களுக்கு இதே கதைதான். நெஞ்செரிந்தால் மெடிக்கலில் ஒரு மாத்திரை, அதோடு சரி.

போன மாதம் எரிச்சல் தாங்காமல் கடலூருக்குப் போய் எண்டோஸ்கோபி செய்தபோது, இரைப்பைக்குள் சின்னச் சின்னதாகச் சதை வளர்ந்திருந்தது. கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கருணாகரனுக்குப் புற்றுநோய்ப் பயம். அவளுக்கும் பயம்தான். ஆனால் அதற்கு அடியில் வெட்கங்கெட்ட ஓர் ஆசையும் இருந்தது. 'நேரத்துக்குச் சாப்பிடாமல் வந்த வினை, இனிமேல் காத்திருக்கக் கூடாது' என்று டாக்டர் கணவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா? தானே வாய் திறந்து கேட்கும் தெம்பு அவளுக்கு எப்போதோ போய்விட்டது.

இன்று காலை ரிசல்ட் வந்தது.

"கேன்சர் இல்லைம்மா," என்றார் டாக்டர் தமயந்தி. "இப்படி வளர்ற சதையை பாலிப்னு சொல்வோம். அதுல சில வகை இருக்கு. அசிடிட்டி மாத்திரையை வருஷக்கணக்கா போட்டா வர்றது ஒண்ணு. அது பெரும்பாலும் ஒண்ணும் செய்யாது. பின்னாடி கேன்சரா மாறக்கூடியது இன்னொண்ணு. அது உங்களுக்கு இல்ல. உங்களுது, இரைப்பை உள்பக்கம் ரொம்ப நாளா புண்ணாகி, ஆறி, திரும்பப் புண்ணாகி வளர்ந்தது. கேஸ்ட்ரைடிஸ்னு சொல்ற அந்த இரைப்பை அழற்சிதான் மூலம். அதுக்குக் காரணம் ஒரு கிருமி. மருந்துல கிருமி போச்சுன்னா இதுவும் சுருங்கிடலாம். அப்புறம் ஒரு தடவை உள்ள பார்த்துக்குவோம்."

"நேரங்கெட்டுச் சாப்பிட்டதால வந்ததில்லையா டாக்டர்?"

"நேரத்துக்குச் சாப்பிட்டா நல்லதுதான். ஆனா இது கிருமியால வந்ததும்மா."

திரும்பி வரும் பஸ் குறிஞ்சிப்பாடி தாண்டியும் கருணாகரனின் வாய் ஓயவில்லை. "பார்த்தியா, கிருமி! என்னாலதானோன்னு நான் தூங்கவே இல்ல குமாரி."

அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பிழைத்தோம் என்ற நிம்மதி இருந்தது. களைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. தனக்காகப் பேசுவார் என்று நம்பியிருந்த ஒரே ஆளும் கையை விரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் அவசரமாகச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பக் கருணாகரன் ஹெல்மெட்டை எடுத்தார்.

"கேசரி கிளறி வை. ராத்திரி வந்ததும் சேர்ந்து உக்காந்து நிம்மதியா சாப்பிடலாம்."

"எனக்கு எட்டு மணிக்கே பசிக்கும். நான் சாப்பிட்டுடுவேன்."

பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அதான், அதனால வரலைன்னு டாக்டரே சொல்லிட்டாங்களே?"

"நோய் அதனால வரலைங்க. பசி வருதில்ல?"

அவர் ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டார்.

"தனியா சாப்பிடணுமா நான்?"

"மூடி வெச்சிருப்பேன், போட்டுக்குங்க. கேசரியும் இருக்கும்," என்றாள். "நான் தூங்கிட்டு இருப்பேன். எழுப்பாதீங்க."